அடிக்கடி செல்லும் இடம்

பாம்பன் நிறுத்தத்தில் இறங்கி
கருவாட்டுக் கொட்டகையைத் தாண்டினால் எங்கள் கடை.
கண்ணாடி ஒட்டுவோம், சிம் போடுவோம்,
கேட்கும் இடத்திலெல்லாம்
‘ஒப்புக்கொள்கிறேன்’ அழுத்தியும் கொடுப்போம்.
அதற்குத் தனிக் காசு இல்லை.

நாலு வருஷம். நாளைக்கு இருபது பேர் என்றாலும்
எத்தனை ஒப்புதல், என் ஒரே கட்டைவிரலில்.
எழுத்து எறும்புச்சாரியாய்க் கீழே இறங்கிக்கொண்டே போகும்,
முடிகிற இடத்தில் அந்த நீலப் பொத்தான்.
வாசித்துச் சொல் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.
நானும் வாசித்ததில்லை.
சீனிநெய்னா காக்கா மட்டும் ஒருமுறை கேட்டார்:
“குக்கீன்னா திங்கிறதா?”
“இல்ல காக்கா, நாம போன தடத்த
அவங்க எழுதி வச்சுக்கிறது.”
“வட்டிக்காரன் நோட்டு மாதிரி?”
“வட்டிக்காரன் நமக்கு முன்னால வச்சு எழுதுவான்.”

இன்னாசி அண்ணன் வந்தது ஒரு வியாழக்கிழமை.
சட்டைப்பையில் பாலிதீன் உறை, அதற்குள் போன்,
திரையெல்லாம் உப்புப் பூத்த ரேகை.
மூன்று பேருக்கு வழிவிட்டு ஓரமாய் நின்றார்.
கடை காலியானதும்
டாக்டரிடம் சீட்டு நீட்டுவதுபோல் மேசைமேல் வைத்தார்.

முழுக்க நீலம். கரை இல்லை, தீவு இல்லை,
நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.
கீழே, நல்ல தமிழில்:
‘நீங்கள் இங்கே அடிக்கடி வருகிறீர்கள்.
இது உங்கள் வீடா? பணியிடமா?
இந்த இடத்துக்குப் பெயரிட விரும்புகிறீர்களா?’

“இவங்கிட்ட யாரு சொன்னா?” என்றார்.

அது அவருடைய பார்.
விளக்குக்கூண்டு மாதாகோயில் சிலுவையை மறைக்கும்போது
தீவின் ஒற்றைப் பனை
இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளி நின்றால், அங்கே.
கல்லை இறக்கினால் விளமீன்.
கூடப்பிறந்த அருளானந்துக்குச் சொன்னதில்லை.
கட்டிய ரீத்தாவுக்கு மீன் தெரியும், இடம் தெரியாது.
பின்னால் ஒரு வத்தை தொடர்ந்தால்
வேறு திசையில் சும்மா தூண்டில் போட்டு
வெறுங்கூடையோடு திரும்பியிருக்கிறார்.
பாவசங்கீர்த்தனத்தில்கூட
அதை மட்டும் விட்டுவிடுவார்.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
காற்று சொல்லும் செயலி ஒன்று.
‘இருப்பிடம்: எப்போதும் அனுமதி.’
போன ஆடியில் அதை அனுமதித்தது
என் கட்டைவிரல்.
சொல்லலாமா என்று வாயைத் திறந்து
மூடிக்கொண்டேன்.

எனக்கும் நடந்திருக்கிறது.
மதுரையில் ஒரு பெண் தனியாகத் தங்க
அறை கிடைக்குமா என்று ராத்திரி தேடினேன்.
மறுநாள் அண்ணன் கிரிக்கெட் பார்க்க என் போனை வாங்கினான்.
ஸ்கோருக்கு அடியில் வரிசையாய் வந்தது மதுரை,
கட்டிலோடு, வெந்நீரோடு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு.
யாருக்கு என்றான்.
கஸ்டமருக்கு என்றேன்.
போனைத் திருப்பித் தந்தான். என்னைப் பார்த்தபடியே.

“அணைச்சிரவாண்ணே?”
அவர் வெளியே பார்த்தார்,
பாலத்துக்கு அந்தப்பக்கம் வாடையில் கலங்கிக் கிடந்த கடலை.
“மாசியில கபிரியேல் படகப் புடிச்சானே,
எல்லைக்கு இந்தப் பக்கந்தான் நின்னோம்னு காட்ட
ஒண்ணுமில்லாமப் போச்சு.
இந்தப் புள்ளி இருந்திருந்தாச் சொல்லியிருக்கும்ல?”
சொல்லியிருக்கும்.
கேட்டிருப்பார்களா என்பது வேறு.

“அப்பக் கெடக்கட்டும்.”
இரண்டு எட்டு வைத்துத் திரும்பினார்.
“இல்ல, அணை.”
பிறகு, குரலை இறக்கி,
“பாருக்குப் போறப்ப தூங்கி
எல்லைகிட்டப் போனா முழிச்சுக்கிற மாதிரி
இருக்கா தாயி?”

அப்படியொரு பொத்தான்
எந்தப் பட்டியலிலும் இல்லை.

கேள்வி அப்படியே நின்றது, பெயர் கேட்டு.
“வைக்கலன்னா?”
“கேட்டுக்கிட்டே இருக்கும்.”
கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.
பின்னால் வத்தை வரும் நாளின் சிரிப்பு
முகத்தில் ஒரு ஓரமாய் ஏறியது.
“மாமியா வீடுன்னு போடு.
எவன் வரப்போறான்.”

போட்டேன்.
போன் உடனே நன்றி சொன்னது.
கையில் எடுத்து அவர் படியிறங்குவதற்குள்
மறுபடி அதிர்ந்தது:
‘மாமியார் வீட்டுக்கு நாற்பது நிமிடம்.
வழியில் நெரிசல் இல்லை. இப்போது புறப்படலாம்.’

தெரியாமல் என்னிடமே திருப்பி நீட்டினார்.
சரி என்பதை நான்தான் அழுத்தினேன்.